ரேம் துண்டில் யார் பெயர் இருக்கிறது? ஒரு திங்க்பேட் பழுதுபார்த்த பதிவு

கைக்கு வந்தது லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230. 2012இல் வெளிவந்த 12.5 அங்குல மடிக்கணினி. இன்டெலின் மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, இறுக்கம் குறையாத கீல், கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. வைத்திருப்பவன் தைபேயில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தம்பி. இங்கேயே பழையதாக வாங்கியதால் விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகளோடு, சீன மொழியின் ஒலிகளைக் குறிக்கும் ஜூயின் குறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்கு நடுவே அவன் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறான் என்பது தனி வியப்பு.

அவன் சொன்ன குறைகள்: உலாவி காரணமில்லாமல் மூடிக்கொள்கிறது. சில நாள் ஒன்றுமில்லை, சில நாள் மணிக்கு இரண்டு முறை கணினியே உறைந்துபோகிறது. பெரிய சுருக்கக் கோப்பைப் பிரித்தால் பாதியில் பிழை என்கிறது. திரும்பப் பிரித்தால் பிரிகிறது. இவை போதாதென்று ஆமை வேகம்.

"அண்ணா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிடலாமா?"

வாங்கலாம், காசு இருந்தால். 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் என்னும் நினைவகத்தின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும், ஃபிளாஷ் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் வட்டான எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. இந்த நிலையில் மாணவன் ஒருவன் புது மடிக்கணினி வாங்கினால் எட்டு ஜிபி ரேமோடு திருப்தி அடைய வேண்டியிருக்கும். இந்தப் பழைய பெட்டியிலோ பதினாறு போடலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரிக்கும்போது வரும் பிழைதான் நல்ல துப்பு. ஹார்டு டிஸ்க் கெட்டிருந்தால் கோப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி முரண்டுபிடிக்கும். படிக்கவே முடியவில்லை என்று முறையிடும். இங்கே ஒரு முறை தவறு, மறுமுறை சரி. ரேமின் அளவைவிடப் பெரிய ஒரு கோப்பை எடுத்து அதன் செக்சம்மை, அதாவது உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை, திரும்பத் திரும்பக் கணக்கிட்டேன். ரேமைவிடப் பெரியதாக இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து புதிதாக வாசிக்கும். சிறிய கோப்பு என்றால் முதல் தடவை நினைவகத்தில் தங்கிய நகலையே எடுத்துக் காட்டிவிடும். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வட்டில் பிழை எதுவும் பதிவாகவில்லை. சந்தேகம் நேராக ரேமின் மேல் விழுந்தது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓட்ட ஒரு பென் டிரைவ் வேண்டும். தம்பி பெருமையாக ஒன்றை நீட்டினான். '2 டெராபைட்' என்று அச்சிட்டிருந்தது, இணையத்தில் ஏதோ ஒரு கடையில் வாங்கியதாம். விலையைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஃப்3 என்றொரு சிறு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். அதில் 'எஃப்3புரோப்' கட்டளையைக் கொடுத்தால் அத்தனையும் எழுதிப் பார்க்காமல் குறுக்கு வழியில் கண்டுபிடித்துவிடும். உள்ளே இருந்தது 32 ஜிபிக்கும் குறைவு. மீதியெல்லாம் கன்ட்ரோலர் சிப் சொன்ன பொய். கணினிக்குக் கொள்ளளவைச் சொல்வது ஃபிளாஷ் நினைவகம் அல்ல, கன்ட்ரோலர்தான். அதன் நிரலைத் திருத்திவிட்டால் அது எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லும். எழுதும்போது உண்மையான இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது காற்றில் விடும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் குப்பை. தம்பி தன் குடும்பப் புகைப்படங்களை அதில் போடுவதற்கு முன்பே இது தெரிந்ததில் நிம்மதி.

பென் டிரைவின் கன்ட்ரோலர் என்றதும் ஒரு கிளைச் செய்தி. மலேசியாவின் செகிஞ்சானில் பிறந்து, சின்சூவில் சியாவ் துங் பல்கலைக்கழகத்தில் படித்த புவா கெய்ன் செங், நண்பர்களோடு 2000இல் தொடங்கிய நிறுவனம் ஃபைசன். யூஎஸ்பி பென் டிரைவுக்கு வேண்டிய அத்தனையையும் ஒற்றைச் சிப்பில் அடக்கியதுதான் அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. இன்று உலகத்தின் பென் டிரைவ்களிலும் எஸ்.எஸ்.டி.களிலும் கணிசமான பங்கு, மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே ஃபைசனோ சிலிக்கான் மோஷனோ தான். இரண்டுமே தைவான்காரர்கள். இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம் இதுதான்: மேலே ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே வேலை பார்ப்பது வேறொன்று.

என்னுடைய பென் டிரைவில் மெம்டெஸ்டை ஏற்றி ஓட்டினேன். எக்ஸ்230இல் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள். ஒன்றில் கணினியோடு வந்த 4 ஜிபி; இன்னொன்றில் பின்னால் யாரோ சேர்த்த 4 ஜிபி. சில நிமிடங்களிலேயே திரையின் கீழ்ப்பாதியில் சிவப்பு வரிகள் அடுக்கடுக்காக இறங்கின. ஒவ்வொரு வரியிலும் பிழை வந்த முகவரி, அங்கே இருந்திருக்க வேண்டிய எண், உண்மையில் இருந்த எண். அந்தக் கடைசி இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம். இருபக்கமும் நீளமான பதினாறடிமான எண்கள். எல்லா இலக்கங்களும் ஒன்று, ஒரேயொரு இலக்கம் மட்டும் வேறு. அடுத்த வரியிலும் அதே இடத்து இலக்கம். அதற்கடுத்த வரியிலும். 64 பிட்டுகளில் ஒரே ஒரு பிட் பிடிவாதமாகத் தவறுகிறது. ஒரு 64 பிட் சொல்லை எட்டு சிப்புகள் ஆளுக்கு எட்டு பிட்டாகப் பகிர்ந்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே எட்டில் ஒரு சிப்பில் கோளாறு.

எந்தத் துண்டு? ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்ட வேண்டும், பிறகு ஸ்லாட்டை மாற்றி ஓட்ட வேண்டும். துண்டை மாற்றினாலும் பிழை அதே ஸ்லாட்டில் நின்றால் மதர்போர்டில் கோளாறு. துண்டோடு சேர்ந்து பிழையும் நகர்ந்தால் துண்டில் கோளாறு. இங்கே பின்னால் சேர்த்த துண்டோடுதான் பிழையும் நகர்ந்தது. கணினி நிரபராதி.

ஒவ்வொரு ரேம் துண்டிலும் எட்டுக் கால் கொண்ட ஒரு குட்டிச் சிப் உண்டு, எஸ்.பி.டி. என்பார்கள். கணினி இயங்கத் தொடங்கும்போது, அதை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் முதலில் இதைத்தான் படிக்கிறது: எவ்வளவு கொள்ளளவு, என்ன வேகம், எத்தனை வோல்ட், எத்தனை சுழற்சிக் காத்திருப்பு. இந்தக் கணினியின் ரேம் வகையான டிடிஆர்3இல் இது 256 பைட் கொண்ட ஒரு சிறு அட்டவணை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 117, 118ஆவது பைட்டுகளில் துண்டைத் தயாரித்தவரின் அடையாள எண் இருக்கும். 148, 149இல் அதன் மேல் உள்ள, தரவைத் தாங்கும் டிராம் சிப்புகளைத் தயாரித்தவரின் எண் இருக்கும். இரண்டும் தனித்தனி இடங்கள். தரத்தை வகுத்தவர்களே இருவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்று தெரிந்துதான் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸில் ஐ2சி-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் 'டீகோட்-டிம்ஸ்' என்ற கட்டளை இந்த அட்டவணையை மனிதர் படிக்கும்படி விரித்துத் தரும். கணினியோடு வந்த 4 ஜிபியில் இரண்டு கட்டத்திலும் சாம்சங். சிப் தயாரித்தவரே துண்டையும் செய்திருக்கிறார். கெட்ட துண்டில்? வேகமும் கொள்ளளவும் சரியாக நிரப்பியிருந்தது. தயாரிப்பாளர் கட்டத்தில் பூஜ்யம், சிப் கட்டத்திலும் பூஜ்யம், வரிசை எண்ணும் பூஜ்யம். மேலே ஒட்டிய தாளில் பளபளப்பாக ஏதோ ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர்கள்தான் அதைச் செய்தார்கள் என்பதற்கு உள்ளே ஒரு ஆதாரமும் இல்லை. பூஜ்யம் இருந்தாலே துண்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் ஓடும் பெயரில்லாத் துண்டுகளையும் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனால் கொண்டுபோய் நீட்ட ஒரு வாசல் இல்லை, அவ்வளவுதான்.

புது ரேம் வாங்க இந்த ஊரில் குவாங்ஹுவாவுக்குத்தான் போக வேண்டும். ஜோங்ஷாவ் சின்ஷெங் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம். 2008இல் திறந்த ஆறு மாடிக் கட்டடம். அதற்கு முன் பல பத்தாண்டுகள் குவாங்ஹுவா பாலத்தின் அடியில் இயங்கிய சந்தை இது. முதலில் பழைய புத்தகக் கடைகளாக இருந்து மெல்ல மெல்ல மின்னணுப் பொருள்களுக்கு மாறியது. பாலத்தை 2006இல் இடித்துவிட்டார்கள்.

அங்கே ரேம் கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால் தைவானின் ஒரு தொழில் வரலாறே வரிசையாகத் தொங்கும். டிரான்ஸெண்ட், ஏடேட்டா, டீம் குரூப், ஏபேசர், சிலிக்கான் பவர், கிங்மேக்ஸ். டிரான்ஸெண்டை 1988இல் பீட்டர் ஷு தொடங்கினார். தலைமையகம் இதே தைபேயின் நெய்ஹூ பகுதியில். டீம் குரூப்பும் ஏபேசரும் 1997இல் வந்தவை. ஏடேட்டா 2001, சிலிக்கான் பவர் 2003. ஏடேட்டாவும் டீம் குரூப்பும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ தைபேயின் ஜோங்ஹேயில் இருக்கின்றன. எல்லாம் ஒரே மெட்ரோ அட்டையில் போய்வரக்கூடிய தூரம்.

இவர்களில் யாருக்கும் டிராம் சிப் வார்க்கும் ஆலை கிடையாது. சிப்புகள் வருவது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், தைவானின் நான்யா போன்றவர்களிடமிருந்து. மைக்ரானின் சிப்பிலேயே ஒரு பங்கு தைச்சுங்கிலும் தாவ்யுவானிலும் உள்ள ஆலைகளில் உருவாகிறது; ஆகவே அமெரிக்கப் பெயர் போட்ட சிப் ஒன்று தைவானை விட்டு வெளியே போகாமலேயே தைவான் பெயர் போட்ட துண்டின் மேல் ஏறிவிடலாம். நெல் விளைவிப்பது ஒருவர், அதை வாங்கிப் புடைத்து, கல் பொறுக்கி, தரம் பிரித்து, மூட்டையில் தன் பெயரைப் போட்டு விற்பது அரிசி மண்டிக்காரர் என்பதைப் போலத்தான் இது. சோறு குழைந்தால் நாம் மண்டிக்காரரைத்தான் கேட்போம்.

தரம் பிரிப்பது இங்கே வெறும் சொல் அல்ல. டிராம் சிப்புகள் சந்தையில் ஒரே விலைக்குப் போவதில்லை. தயாரித்தவர் முழுமையாகச் சோதித்து, தன் பெயரைப் பொறித்து விற்பவை ஒரு விலை. முழுச் சோதனை செய்யாமல் விற்கும் 'இ.டி.டி.' ரகம் இன்னொரு விலை. தைபேயில் இயங்கும் டிரெண்ட்ஃபோர்ஸ் நிறுவனம் வெளியிடும் விலைப்பட்டியலில் இரண்டையும் தனித்தனி வரியாகப் பார்க்கலாம். மலிவு ரகத்தை வாங்குவதில் குற்றமில்லை; வாங்கியவர் மீதிச் சோதனையைத் தன் செலவில் செய்தாரா என்பதுதான் கேள்வி. வாங்குகிற நமக்கு அதைப் பார்க்க வழியில்லை. துண்டின் பின்னால் யார், எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பேற்று நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கலாம். டிரான்ஸெண்ட் தன் ரேம் துண்டுகளுக்கு வரம்புக்குட்பட்ட வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. வேறு சிலரும் தருகிறார்கள். வண்ண விளக்கு எரியும் ரேமுக்கும் தடித்த அலுமினியச் சட்டை போட்ட ரேமுக்கும் கூடுதலாகக் கேட்கும் காசை நான் ஒருபோதும் கொடுத்ததில்லை. மடிக்கணினியின் வயிற்றுக்குள் விளக்கு எரிந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

எடுத்தது டிரான்ஸெண்டின் ஜெட்ரேம் வரிசையில் 8 ஜிபி துண்டு இரண்டு: ஜேஎம்1600கேஎஸ்ஹெச்-8ஜி. வாங்கும் முன் தாளில் உள்ள ஒற்றை வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. 'டிடிஆர்3எல்' என்றால் 1.35 வோல்ட், பழைய 1.5 வோல்ட்டிலும் ஓடும். தலைகீழாக ஓடாது: 1.35 மட்டுமே தரும் கணினியில் 1.5 வோல்ட் துண்டைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். எக்ஸ்230 இரண்டையும் ஏற்கும். '1600' என்பது நொடிக்கு 160 கோடி முறை தரவு மாற்றும் வேகம். ஒரு முறைக்கு எட்டு பைட், ஆகவே நொடிக்கு 12,800 மெகாபைட். அதைத்தான் சில தாள்களில் 'பிசி3எல்-12800' என்று போடுகிறார்கள். இரண்டும் ஒன்றே. '2ஆர்எக்ஸ்8' என்றால் எட்டு பிட் அகலச் சிப்புகள் இரண்டு அணிகளாக நிற்கின்றன, மொத்தம் பதினாறு சிப்புகள். ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். பதினாறால் பெருக்கி எட்டால் வகுத்தால் 8 ஜிபி. இந்தத் தலைமுறை இன்டெல் செயலிக்கு 4 ஜிகாபிட் சிப்தான் உச்சம். அதனால்தான் ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் போகாது.

ஒரே மாதிரி இரண்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு இருந்தால் செயலி இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவை இழுக்கும். இந்த மாடலில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. செயலிக்குள் இருக்கும் எச்டி 4000 கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே வித்தியாசம் திரையிலேயே தெரியும்.

மாட்டுவது எளிய வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். அடியில் ரேம் படம் பொறித்த மூடியின் திருகுகளைத் தளர்த்தினால் இரண்டு ஸ்லாட்டும் கண்ணெதிரே. பக்கவாட்டுப் பிடிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் பழைய துண்டு தானாக எழும்பி நிற்கும். தைபேயின் ஈரக் காற்றில் நிலை மின்சாரம் பெரிய பயமில்லை, ஈரமேதான் பயம். வெளியே எடுத்த பழைய சாம்சங் துண்டின் தங்க விளிம்பு மங்கிப்போயிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் ஸ்லாட் வாயையும் ஒற்றி எடுத்தேன்.

புதுத் துண்டைச் சாய்வாக, முப்பது பாகை அளவில், செருக வேண்டும். நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிற பக்கம் ஒன்றே ஒன்று. கடைசி வரை உள்ளே போனதற்கு அடையாளம், தங்க விளிம்பு ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுவது. அதன் பிறகே கீழே அழுத்த வேண்டும்; இரண்டு பக்கப் பிடியும் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழும். ரேம் மாற்றி முதல் முறை இயக்கும்போது திரை சில நொடிகள் கறுப்பாகவே நிற்கும். பயாஸ் புதுத் துண்டின் வேகத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது. தம்பி பதறினான். "பொறு" என்றேன். லெனோவோ எழுத்து வந்தது.

மறுபடி மெம்டெஸ்ட். 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்; இரவு முழுக்க ஓடவிட்டேன். எத்தனை நல்ல பெயர் போட்ட துண்டாக இருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யம். டீகோட்-டிம்ஸில் பார்த்தால் இந்த முறை இரண்டு கட்டத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்: தயாரிப்பாளர் டிரான்ஸெண்ட், சிப் மைக்ரான். சில மென்பொருள்களில் பெயருக்குப் பதில் '014எஃப்' என்று மொட்டையாக வரும். அதுவும் டிரான்ஸெண்டின் அடையாள எண்தான், பயப்பட வேண்டாம்.

அடுத்தது வட்டு. பழைய ஹார்டு டிஸ்க் கெட்டதல்ல, கிழடு. தொடர் வாசிப்பில் நொடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டித் தள்ளாடியது. என் மேசை இழுப்பறையில் டிரான்ஸெண்ட் எஸ்.எஸ்.டி.370, 256 ஜிபி, சும்மா கிடந்தது. 2014இல் வந்த மாடல். உத்தரவாதம் என்றோ முடிந்துவிட்டதால் உறையைத் திறந்து பார்க்கத் தடையில்லை. உள்ளே நடுவில் கன்ட்ரோலர் சிப். அதன் முதுகில் டிரான்ஸெண்ட் பெயரும் டிஎஸ்6500 என்ற எண்ணும். அப்படியானால் கன்ட்ரோலர் இவர்களே செய்ததா? இல்லை. அது சிலிக்கான் மோஷனின் எஸ்எம்2246இஎன், பெயர் மட்டும் மாற்றிப் பொறித்தது. பக்கத்தில், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபட அட்டவணையை வைத்துக்கொள்ள ஒரு டிராம் சிப். சுற்றிலும் மைக்ரானின் 20 நானோமீட்டர் எம்எல்சி (ஒரு செல்லில் இரண்டு பிட் வைக்கும்) ஃபிளாஷ். இதைப் பித்தலாட்டம் என்று நான் நினைக்கவில்லை. கன்ட்ரோலரையும் ஃபிளாஷையும் பொருத்தி, நிரலைச் சரிசெய்து, சோதித்து, திரும்பி வந்தால் மாற்றிக் கொடுப்பதும் வேலைதான். ஆனால் ஒரே மாடல் பெயரில் இடையிலேயே உள்ளுறுப்புகளை மாற்றும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. ஓராண்டு பழைய விமர்சனத்தைப் படித்து வாங்குகிறவர் வேறொரு பொருளைக் கையில் பெறலாம். அதுதான் எனக்குக் கசக்கிறது.

பழைய எஸ்.எஸ்.டி.யை நம்பலாமா என்பதற்கு, வட்டு தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். இந்தக் கன்ட்ரோலரில் 241ஆம் எண் வரி, இதுவரை எழுதப்பட்ட மொத்தத் தரவைச் சொல்கிறது. ஆனால் பைட்டாக அல்ல, 32 மெகாபைட் கட்டுகளாக. அதில் இருந்த எண் நான்கு லட்சத்தை ஒட்டி. முப்பத்திரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 12 டெராபைட். அந்தத் தலைமுறை எம்எல்சி ஃபிளாஷ் 3,000 முறை அழித்தெழுதத் தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். 256 ஜிபி வட்டில் 12 டெராபைட் என்பது வட்டு முழுவதையும் ஐம்பது முறைக்குச் சற்றுக் குறைவாக எழுதியதற்குச் சமம். மாற்றி ஒதுக்கிய பிளாக்குகள் எதுவும் இல்லை. வயதுதான் ஆகியிருக்கிறது, உழைப்பு ஆகவில்லை.

இந்த எஸ்.எஸ்.டி.யில் இருந்த பழைய தரவை முழுதாகத் துடைக்க 'செக்யூர் எரேஸ்' கட்டளை கொடுத்தேன். இங்கே பலர் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு: வட்டு 'உறைந்த நிலையில்' இருப்பதாகச் சொல்லி மறுத்துவிடும். இயங்கத் தொடங்கும்போதே பயாஸ் அந்தக் கட்டளையைப் பூட்டிவிடுவதால் வருவது இது. கணினியை ஒருமுறை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பூட்டு திறந்துவிடும். அதன் பிறகு துடைப்பது பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

எக்ஸ்230இன் வட்டுப் பெட்டியில் 7 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் நுழையாது. 9.5 மில்லிமீட்டர் வட்டு வைத்திருப்பவர்கள் முயல வேண்டாம். பழைய வட்டின் இரு பக்க ரப்பர் தண்டவாளங்களைக் கழற்றிப் புதியதில் மாட்டி, உள்ளே தள்ளி, ஒரே ஒரு திருகு போட்டு மூடினால் வேலை முடிந்தது.

இனிதான் முக்கியமான முடிவு. பழைய வட்டை அப்படியே நகலெடுத்துவிடலாம் என்றான் தம்பி. பலரும் செய்வது அதுதான், வழக்கமாக அதில் தவறும் இல்லை. ஆனால் கெட்ட ரேமோடு மாதக்கணக்கில் ஓடிய கணினியில் அதைச் செய்யக் கூடாது. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது. அந்தப் பொல்லாத பிட்டின் மேல் உட்கார்ந்திருந்த பக்கம் எதுவோ, அது தவறோடே எழுதப்பட்டிருக்கும். வட்டுக்கு அது தெரியாது. தனக்குக் கொடுத்ததைச் சரியாகத்தான் எழுதி வைத்தது. இயங்குதளத்தின் நிரல் கோப்புகளிலேயே எத்தனை இப்படிப் புண்பட்டிருக்கின்றன என்று யார் கண்டார்? நகலெடுத்தால் நோயையும் சேர்த்துக் குடியேற்றியதாகும்.

ஆகவே லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். தரவை மட்டும் பழைய வட்டிலிருந்து யூஎஸ்பி வழியாக எடுத்தோம், அதுவும் சோதித்துச் சோதித்து. அவனுடைய ஆய்வேடு, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் இருந்தது பெரும் உதவி. கிட் ஒவ்வொரு பொருளையும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணைக் கொண்டே பெயரிட்டு வைப்பதால், ஒரு பிட் மாறினாலும் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தது. சில பொருள்கள் சிதைந்திருந்தன. ஆய்வுக்கூடத்து சர்வரில் இருந்த நகலிலிருந்து அவற்றை மீட்டோம். புகைப்படங்களுக்கும் பிடிஎஃப்களுக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. மேகச் சேமிப்பில் இருந்த நகல்களோடு செக்சம் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் திறந்து கண்ணால் பார்த்தான். ஒரு படத்தின் கீழ்ப்பாதி ஊதா நிறத்தில் இழுபட்டுக் கிடந்தது. கணினி உறைந்துபோவதை அவன் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையில் உறையாமல் ஓடிய நாள்களில் நடந்ததுதான் பெரிய சேதம்.

எஸ்.எஸ்.டி.க்காகச் செய்ய வேண்டிய வேறு சடங்குகள் இப்போது அதிகமில்லை. ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் பிளாக் பிளாக்காகத்தான் அழிக்க முடியும். எந்தப் பக்கம் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் சொன்னால்தான் கன்ட்ரோலரால் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்க முடியும். அந்தத் தகவல்தான் டிரிம். வாரம் ஒருமுறை அதை அனுப்பும் டைமர் நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருந்தது; பார்த்து உறுதிசெய்ததோடு சரி. வேகம் சோதித்தபோது நொடிக்கு 500 மெகாபைட்டைத் தாண்டியது. தமிழ்99 விசைப்பலகையையும் நோட்டோ எழுத்துருக்களையும் போட்டுக் கொடுத்தேன்.

எக்ஸ்230இல் கைவைக்கும் பலகைக்கு அடியில் எம்சாட்டா என்னும் சிறிய அட்டை வடிவ எஸ்.எஸ்.டி. ஏற்கும் இன்னொரு ஸ்லாட்டும் இருக்கிறது. சிம் கார்டு வழி இணையத்துக்காக வைத்தது. அதன் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், முதன்மை வட்டின் பாதி. 256 ஜிபி நிரம்பிய பிறகு தரவுக்காக ஒன்றைச் சேர்க்கலாம் என்று காலியாகவே விட்டிருக்கிறேன். கெட்ட ரேம் துண்டின் மேல் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு மின்குப்பையில் சேர்த்தாயிற்று. குறி போடாமல் எறிந்தால் யாராவது எடுத்து மறுபடி விற்றுவிடுவார்கள். நல்ல சாம்சங் 4 ஜிபி என்னிடம் இருக்கிறது, சோதனைக்கு உதவும்.

இதைப் பார்த்துவிட்டுத் தம்பியின் அறைத்தோழர் தன் மடிக்கணினியையும் கொண்டு வந்திருக்கிறார். மூன்று ஆண்டுதான் ஆகிறது, மெல்லியது, அழகானது. ரேம் மதர்போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. 8 ஜிபி, அதற்கு மேல் ஒரு துண்டும் ஏறாது. எஸ்.எஸ்.டி. மட்டும் மாற்றலாம்; அதுவும் நீளம் குறைந்த எம்.2 2242 அளவு. குவாங்ஹுவாவில் அந்த அளவு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.